42ஆம் இடத்து மாணவர்

1785 செப்டம்பரில் பாரிஸ் இராணுவப் பள்ளியிலிருந்து அதிகாரிகளாகத் தேறிய 58 பேரில் நெப்போலியன் போனபார்ட்டுக்குக் கிடைத்தது 42ஆம் இடம். இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுப் படிப்பை அவர் ஓராண்டில் முடித்திருந்தார். அப்போது வயது 16. அவர் பிறந்த கோர்சிகா தீவு, அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டான 1768இல்தான் ஜெனோவாவிடமிருந்து பிரான்சின் கைக்கு வந்திருந்தது. பிரெஞ்சு அவருக்குப் பள்ளியில் கற்ற மொழி.

பழைய முடியாட்சி நீடித்திருந்தால் இத்தகைய சிறுகுடிப் பிரபுவின் மகன் படையில் வெகு உயரம் போயிருக்க முடியாது. 1789 புரட்சிக்குப் பின் உயர்குடி அதிகாரிகள் பலர் நாட்டைவிட்டு ஓடினர், பதவிகள் காலியாயின. 1793இல் தூலோன் துறைமுகத்தை மீட்ட பீரங்கிப் போர் அவரை 24 வயதில் பிரிகேடியர் ஜெனரல் ஆக்கியது. இத்தாலியப் போர்கள் புகழைக் கொடுத்தன. எகிப்துப் படையெடுப்பு கைகூடவில்லை. ஆனாலும் 1799 நவம்பரில் ஆட்சியைக் கவிழ்த்து முதல் கான்சல் எனும் ஆட்சித் தலைவர் ஆனார். 1804 டிசம்பர் 2 அன்று நோத்ர தாம் பேராலயத்தில், போப் ஏழாம் பயஸ் பார்த்திருக்க, தம் கையாலேயே முடிசூடிக்கொண்டார்.

அதே ஆண்டு மார்ச் 21இல் வெளியான உரிமையியல் சட்டத் தொகுப்புதான் முடிசூட்டைவிடப் பெரிய செய்தி. அதுவரை பிரான்சின் வடக்கே ஊருக்கொரு வழக்காறு, தெற்கே ரோமானியச் சட்டம். போர்த்தாலிஸ், த்ரோன்ஷே உள்ளிட்ட நான்கு சட்ட அறிஞர்கள் வரைவை எழுதினர். அதை விவாதித்த அரசு ஆலோசனை மன்ற அமர்வுகளில் ஏறக்குறைய பாதிக்கு நெப்போலியனே தலைமை தாங்கினார். 2281 பிரிவுகளில் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது. ஆனால் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த வரி 1938 வரை நீங்கவில்லை. புரட்சி ஒழித்த அடிமை முறையை 1802இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் மீண்டும் சட்டபூர்வமாக்கியவரும் இவரே. அதற்கு ஹெய்ட்டி மக்கள் போரிட்டு விடை சொன்னார்கள். 1804 புத்தாண்டு நாளில் விடுதலையை அறிவித்தார்கள்.

போர்களின் கதை பலரும் அறிந்தது. 1805இல் ஆஸ்டர்லிட்ஸ் வெற்றி; 1812இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோருடன் ரஷ்யா போய்ச் சிறு பகுதியோடு திரும்பியது; 1814இல் எல்பா தீவுக்கு நாடுகடத்தல்; 1815 ஜூன் 18இல் வாட்டர்லூ தோல்வி. 1821 மே 5 அன்று செயின்ட் ஹெலெனா தீவில் 51 வயதில் இறந்தார். வாளால் சேர்த்த நிலத்தில் எதுவும் பிரான்சிடம் மிஞ்சவில்லை.

காகிதத்தில் எழுதியது மிஞ்சியது. பெல்ஜியம், லக்சம்பர்க் சட்டங்களின் வேர் அந்தத் தொகுப்பே. புதுச்சேரிக்கு அது 1819இல் வந்தது. 1881 ஆணையின்படி தம் சமய வழக்கச் சட்டத்தைத் துறந்த குடும்பங்களின் வழியினருக்குத் திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் இன்றும் பிரெஞ்சுச் சட்டமே செல்லும்.

கல்வியிலும் அப்படியே. 1802இல் லிசே எனும் அரசு உயர்நிலைப் பள்ளிகளையும், 1808 மார்ச் ஆணையால் பக்கலொரேயா தேர்வையும் நெப்போலியன் நிறுவினார். பிரான்சில் பல்கலைக்கழக வாசல் இன்றும் அந்தத் தேர்வுதான். லிசேக்கள் ஆண்பிள்ளைகளுக்கானவை. பெண்கள் தேர்வெழுதக்கூடாது என்று சட்டம் சொல்லாவிட்டாலும், எவரும் அதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஜூலி-விக்துவார் தோபியே என்ற ஆசிரியை 1861இல் லியோன் நகரில் எழுதித் தேறினார். அவருக்கு அப்போது வயது 37.