பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட மக்கள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மனித உரிமை மீறல் என்றவுடன் துப்பாக்கிச் சூடும் சிறைக்கூடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், தன் சிறுபான்மை மக்களை ஒதுக்க முற்படும் ஓர் அரசு, ஆயுதத்தை எடுப்பதற்கு நெடுங்காலம் முன்பே பதிவேட்டைக் கையில் எடுத்துவிடுகின்றது. இதனை ரோஹிங்கியா மக்களின் வரலாற்றைக் கொண்டு இன்று சிந்திப்போம்.

1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு, அதனைத் தன்னிச்சையாகப் பறிக்கலாகாது என்பது அதன் 15ஆம் பிரிவு. அதனை ஆதரித்து வாக்களித்த 48 நாடுகளுள், அதே ஆண்டு ஜனவரியில் விடுதலை பெற்ற பர்மாவும் ஒன்று.

பர்மா நமக்கு அறிமுகமில்லாத மண் அன்று. வணிகத்திற்காக ரங்கூனுக்குக் கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள் அங்குப் பள்ளிவாசல் எழுப்பி வாழ்ந்தனர். 1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிக் கடைகளையும் நிறுவனங்களையும் நாட்டுடைமையாக்கியபோது, இந்திய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் வெறுங்கையோடு திரும்பினர். சென்னையின் பர்மா பஜார் இன்றும் அதற்குச் சாட்சி. அவர்களுக்குத் திரும்பி வர ஒரு நாடு இருந்தது. அரக்கானே தாயகமான ரோஹிங்கியா மக்களுக்கு அவ்வாறு செல்வதற்கு வேறு நாடு இல்லை.

1978இல் ‘நாகமின்’ என்ற பெயரில் குடியுரிமைச் சோதனை நடத்தப்பட்டது. அதன் கொடுமை தாங்காமல் சுமார் 2 இலட்சம் பேர் வங்காளதேசத்திற்கு ஓடினர். பின்னர் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823க்கு முன்பிருந்தே அம்மண்ணில் வாழ்ந்ததாக அரசு ஒப்புக்கொண்ட இனத்தவருக்கே முழுக் குடியுரிமை. அரசு வகுத்த 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா என்ற பெயர் இல்லை. மற்றவர்கள் 1948 ஜனவரி 4க்கு முன்பிருந்தே வசிப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தலைமுறை தலைமுறையாக வயலில் உழைத்த ஏழை எந்த ஆவணத்தைக் காட்டுவான்?

1989இல் புதிய அட்டை தருவதாகக் கூறிப் பழைய அட்டைகளை வாங்கினர். பலருக்குப் புதியது வரவேயில்லை. 1995 முதல் ‘வெள்ளை அட்டை’ எனும் தற்காலிகச் சான்று தரப்பட்டது. வடக்கு அரக்கானில் திருமணம் செய்யவும், ஊர்விட்டு ஊர் செல்லவும் அதிகாரிகளின் அனுமதி வேண்டியதாயிற்று. 2015இல் அந்த வெள்ளை அட்டையும் செல்லாது என அறிவிக்கப்பட்டு, வாக்குரிமையும் போயிற்று. புத்திடாங் தொகுதியிலிருந்து 2010இல் தேர்வு பெற்று நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த ஷுவே மாங், 2015இல் மீண்டும் போட்டியிட முயன்றபோது, அவர் பிறந்த வேளையில் பெற்றோர் குடிமக்களாக இல்லை என்று கூறி மனுவைத் தள்ளினர். சட்டம் இயற்றும் மன்றத்தில் அமர்ந்தவருக்கே இந்நிலை!

இவையெல்லாம் நடந்தேறிய பின்னரே 2017 ஆகஸ்ட் வந்தது. ஊர்கள் எரிந்தன, 7 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எல்லை கடந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவின் சிறிய நாடான காம்பியா 2019இல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. எஞ்சிய மக்களைப் பாதுகாக்குமாறு 2020 ஜனவரி 23 அன்று அந்நீதிமன்றம் மியான்மருக்கு இடைக்கால ஆணை பிறப்பித்தது.

சகோதரர்களே, இது ஒரு மதத்தாரின் குணம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சிரியாவில், 1962இல் ஹசகா மாகாணத்தில் ஒரே நாளில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு, சுமார் 1 இலட்சத்து 20 ஆயிரம் குர்து மக்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. அவர்களும் பெரும்பாலோர் முஸ்லிம்களே. இலங்கையில் 1948ஆம் ஆண்டுச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றோராக்கியது. எஞ்சியோருக்கு உரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட 55 ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் பிரிந்தன! எனினும், பறிக்கப்பட்ட உரிமையை விடாமுயற்சியால் மீட்க முடியும் என்பதற்கும் அதுவே சான்று.

நாம் செய்ய வேண்டுவன இரண்டு. ஒன்று, நம் வீட்டு ஆவணங்களைப் பேணுதல். குழந்தை பிறந்தவுடன் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பள்ளிவாசல் தஃப்தரில் நிக்காஹ் எழுதியதோடு நின்றுவிடாமல், தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பதிவும் செய்ய வேண்டும். பெயரின் எழுத்துகள் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா எனப் படித்த இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பார்த்து உதவ வேண்டும்.

மற்றொன்று, பிறருக்காகவும் எழுந்து நிற்றல். சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் இருளர் குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் மனித உரிமைப் பணியே. நம்மவருக்கு மட்டும் நீதி கேட்பது நீதியாகாது.

வல்ல அல்லாஹ் நாடிழந்து தவிப்போரின் துயர் துடைப்பானாக! நீதியின் பக்கம் நிற்கும் உறுதியை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.