நகைச்சுவையும் நம் மொழியும்: 'காதலிக்க நேரமில்லை' படைத்தோர் சிலர்



மொழி மன்றத்தின் மேடையில் திரைப்படத்தைப் பற்றி, அதிலும் ஒரு நகைச்சுவைப் படத்தைப் பற்றிப் பேசுவது தகுமா என்று சிலர் எண்ணக்கூடும். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணத் தொடங்கும்போது நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து நகை பிறக்கும் என்றும் வகுத்தார். அவர் முதலில் வைத்ததை நாம் வகுப்பறையில் கடைசியில் வைத்திருக்கிறோம் என்பதே என் கவலை.

1964ஆம் ஆண்டு வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'யை எடுத்துக்கொள்வோம். அதன் நாயகருள் ஒருவரான ரவிச்சந்திரன் இந்தக் கோலாலம்பூரில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளிக்குப் படிக்கச் சென்றவர். அவருக்கு அதுவே முதற்படம். காஞ்சனாவோ விமானப் பணிப்பெண்ணாக இருந்து நடிக்க வந்தவர். புதியவர்களான இவர்களோடு 1936இல் 'சதிலீலாவதி' தொட்டு நடித்துவந்த டி.எஸ். பாலையாவும், முத்துராமன், நாகேஷ், ராஜஸ்ரீ, சச்சு ஆகியோரும் இணைந்தனர்.

இயக்குநர் ஸ்ரீதர் அதற்கு முன் 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' போன்ற, கண்ணீர் வரவழைக்கும் கதைகளால் புகழ்பெற்றவர். அவருடைய இளமைக்கால நண்பர் சித்ராலயா கோபு. இருவரும் கலந்து உருவாக்கிய நகைச்சுவை இது. ஹாலிவுட்டில் பில்லி வைல்டரும் டயமண்டும் சேர்ந்தெழுதி 1959இல் 'சம் லைக் இட் ஹாட்' என்னும் ஆள்மாறாட்டக் கதையைத் தந்ததை இங்கே நினைக்கலாம். நல்ல நகைச்சுவைக்கு, எழுதியதைக் கேட்டு முதலில் சிரிக்கவோ சிரிக்க மறுக்கவோ ஒரு தோழன் வேண்டும் போலும். வின்சென்டின் ஒளிப்பதிவும், விசுவநாதன் - ராமமூர்த்தி இசையும், கண்ணதாசன் பாடல்களும் அதற்குத் துணைநின்றன.

கதை எளியது. தோட்ட முதலாளி விசுவநாதன், அசோக் என்னும் இளைஞனை வேலையிலிருந்து நீக்குகிறார். அவன் அவர் வீட்டெதிரே கூடாரம் அடித்து வேலை கேட்கிறான். பின்னர், நண்பனைச் செல்வச் சீமானான தன் தந்தையாக வேடமிடச் செய்து, முதலாளியின் மகளை மணக்க முயல்கிறான். முதலாளியை எதிரே நின்று கேலி செய்வது எள்ளல். காதலர் குறும்பு இளமை. பணம் என்றதும் நம்பிவிடும் பெரியவரிடம் பேதைமையும் மடனும். நான்கும் வந்துவிட்டன அல்லவா? தோட்ட முதலாளியின் ஒரு சொல்லில் பிழைப்பு அடங்கியிருந்த வாழ்வை அறிந்த நம் நாட்டுத் தமிழருக்கு அந்தக் கூடாரத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

படத்தின் உச்சம், நாகேஷ் ஏற்ற செல்லப்பா தன் தந்தைக்குத் திகில் கதை சொல்லும் காட்சி. பேய் எதுவும் திரையில் தோன்றாது. சொல்லும் ஒலியும் மகனுடையவை. அச்சம் முழுவதும் தந்தை பாலையாவின் முகத்தில். சொல்பவர் பாதி, கேட்பவர் பாதி. இப்படம் 1966இல் 'பியார் கியே ஜா' என இந்திக்குச் சென்றபோது, மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் அந்தப் பாத்திரங்களை ஏற்றனர். தமிழ்ச் சிரிப்பு பிறமொழியாளரையும் ஈர்த்தது.

ஆசிரியர்களே, அந்தக் காட்சியை வகுப்பில் இரு மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் தம் சொற்களில் கதை சொல்லட்டும். மற்றவர் வாய் திறவாது கேட்கட்டும். எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை அழுத்துவது, எப்போது குரலைத் தாழ்த்துவது என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

பிரிக்பீல்ட்ஸ் தெருவிலும் கிள்ளான் கடைவீதியிலும் நம் பிள்ளைகள் நகையாடுவதைக் கேளுங்கள். பாடத்திற்குத் தமிழ், வேடிக்கைக்கு வேறு மொழி என்று பலர் பிரித்துக்கொண்டுவிட்டனர். அறிவுரைக்கும் அழுகைக்கும் மட்டுமே உரியதாக நாம் காட்டிய மொழியை, அவர்கள் தேர்வோடு விட்டுவிட்டால் குற்றம் யாருடையது? சிரிக்க உதவாத மொழி நெடுநாள் சிந்திக்கவும் உதவாது.

மாணவர்களே, தமிழில் சிரியுங்கள். பிறரையும் சிரிக்க வையுங்கள். இந்நகரில் பிறந்த ஓர் இளைஞர் அத்தகைய சிரிப்பில் பங்கேற்றார் என்பது உங்களுக்கு ஊக்கம் தரட்டும்.