காலையில் மூடாத கை

(கிளைச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் வீட்டையும் போனஸையும் பேசுகிற மேடையில் இன்று ஒரு வியாதியைப் பற்றிப் பேச எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வியாதி அவரவர் வீட்டு விவகாரம், அதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நான் சொல்ல வந்த வியாதியை டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் தண்டல் பார்க்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறுவதற்கு முன்னால் அது செக்ரோலில் ஏறிவிடுகிறது. அப்படிப்பட்ட வியாதியைச் சங்கம் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்?

அதன் பெயர் முடக்குவாதம். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். எனக்கு அது 31-ம் வயதில் வந்தது. இப்போது 37 நடக்கிறது. முதலில் மாத்திரை சாப்பிட்டேன். அதற்கு அடங்காததால் நாலு வருஷமாக எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைநரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறேன். டாக்டருக்குப் படித்தவனில்லை நான்; தமிழ்ப் பள்ளியில் படித்தவன். ஆனாலும் ஆறு வருஷம் ஒரு நோயோடு குடித்தனம் பண்ணினால் அதன் குணம் தெரிந்துவிடும் அல்லவா?

நம் உடம்புக்குள் கிருமியை எதிர்க்க ஒரு காவல் படை இருக்கிறது. அந்தக் காவல் படை ஆள் மாறி, மூட்டுகளின் உள்ஜவ்வையே பகையாளி என்று தாக்கத் தொடங்கினால் அதுதான் முடக்குவாதம். ஜவ்வு வீங்கும், பிறகு குருத்தெலும்பு அரிபடும், கடைசியில் எலும்பே அரிபட்டு விரல் கோணிப்போகும். பரம்பரைக் கூறு கொஞ்சம் உண்டு. சிகரெட் அதற்கு எண்ணெய் வார்க்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. கிழவர்களின் நோய் என்று நினைக்க வேண்டாம். பிள்ளை பெற்று வளர்க்கிற வயதிலேயே வரும்.

வயதானால் முழங்கால் தேய்கிறதே, அது வேறு. தேய்வு நோய் நடக்க நடக்க வலிக்கும், உட்கார்ந்தால் தணியும். முடக்குவாதம் நேர் எதிர். ஓய்ந்து படுத்து எழுந்தால்தான் பிடித்துக்கொள்ளும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விரலின் நடு மூட்டும் அடி மூட்டும் மணிக்கட்டும் வீங்கும். காலையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கை மரக்கட்டை போல இருக்கும். உடம்பில் இனம் தெரியாத அசதி, சிலருக்கு லேசான காய்ச்சல், இளைப்பு. இப்படி ஆறு வாரம் நீடித்தால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

தோழர்களே, இந்த நோய்க்கும் நம் தொழிலுக்கும் உள்ள பகையை இங்கேதான் கவனிக்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியற்காலையில். இரவெல்லாம் நீர் ஏறி, பால் குழாய்களில் அழுத்தம் கூடி நிற்கும் நேரம் அது. வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து ஓட்டம் தளர்ந்துவிடும். ஆகவே இருட்டோடு பெரட்டு, வெளுக்கும்போது முதல் மரம். மரம் பாலைக் கொடுக்கிற அதே மணி நேரத்தில்தான் முடக்குவாதக்காரரின் கை மூட மறுக்கிறது! ஒரு நிரையில் 500, 600 மரம். ஒவ்வொரு மரத்திலும் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாய்ப் போனால் மரத்தில் காயம், மேலோட்டமாய்ப் போனால் பாலில்லை. உளியைப் பிடித்து அந்த அளவைக் காக்கிற விரல்களைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கிறது.

பதினொரு மணிக்கு அந்த அம்மாளைப் பார்த்தால் மங்கைக் கவிழ்க்கிறாள், வாளி தூக்குகிறாள், சிரித்துப் பேசுகிறாள். "காலையில் கை வரவில்லை என்றாயே, இப்போது மட்டும் எப்படி வந்தது?" என்று கேட்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் இப்படி ஒரு சகோதரிக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தார்கள். பெரட்டுக்குப் பிந்தினாள் என்று அரைப் பேர் போட்டார்கள். வெட்டுக் கெட்டுவிட்டது என்று நிரையை மாற்றினார்கள். அவர் பொய் சொல்லவில்லை. காலைக் கையும் மத்தியானக் கையும் வேறு வேறாக இருப்பதே இந்த நோயின் அடையாளம். அதை அறியாதவர்கள் அந்த அடையாளத்தையே பொய்க்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பால் வெட்டியதால்தான் முடக்குவாதம் வந்தது என்று சில தோழர்கள் வேகமாகப் பேசுகிறார்கள். அது சரியல்ல. ஊசி முனையளவும் காடு பார்க்காத வாத்தியாருக்கும் வக்கீலுக்கும் இது வருகிறது. வேலை நோயை உண்டாக்கவில்லை, வந்த நோயை வாட்டுகிறது. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு வழக்காடினால் தோற்றுத் திரும்புவோம்.

வைத்தியத்துக்கு வருகிறேன். தைலம் தேய்க்கலாம், வெந்நீரில் கை வைக்கலாம். இதமாக இருக்கும், நோயைத் தொடாது. பசார் மாலாமில் விற்கிற மூட்டுவலிப் பொட்டலங்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டே நாளில் வலி பறந்துவிடும் என்றால் சந்தேகப்படுங்கள். சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்தவை அவற்றில் பிடிபட்டிருக்கின்றன. அந்த ஜாதி மருந்தை 1948-ல் அமெரிக்க டாக்டர் பிலிப் ஹெஞ்ச் முடக்குவாதத்துக்கு முதன்முதல் கொடுத்தபோது படுத்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1950-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நாள் செல்லச் செல்ல முகம் ஊதியது, எலும்பு மெலிந்தது. இன்றும் டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள், அளவோடும் கண்காணிப்போடும். அளவு தெரியாமல் விழுங்குவதும் ஆபத்து, நெடுநாள் விழுங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் தொடாதீர்கள்.

முறையான வைத்தியம் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையில் தொடங்கும். இதை வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். எழுதப் படிக்கச் சிரமப்படுகிற அம்மாமார்கள் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் காலண்டரில் அந்தக் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். தினம் சாப்பிட்டு உயிரை இழந்தவர்கள் உண்டு. கள்ளும் சம்சுவும் பீரும் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு. பிள்ளை பெற எண்ணமுள்ள பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் பலருக்கு இந்த மாத்திரைகளே போதும். எலும்பு அரிபடுவது முதல் ஓரிரு வருஷத்திலேயே ஆரம்பித்துவிடுவதால்தான் நான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குத்தான் ஏற்றுகிற மருந்து. எனக்கு ஏற்றுவது இன்ஃபிளிக்ஸிமாப். வீக்கத்தை மூட்டிவிடுகிற டி.என்.எஃப். என்ற புரதத்தை அது பிடித்து அடக்குகிறது. 1992-ல் லண்டன் சாரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் இதை முதன்முதலாக முடக்குவாதக்காரர்களுக்கு ஏற்றிப் பார்த்த இருவரில் ஒருவர் ரவீந்தர் மெய்னி, பஞ்சாப் லூதியானாவில் 1937-ல் பிறந்தவர். மற்றவர் மார்க் ஃபெல்ட்மன். 1999-ல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது. வேறு மருந்துகளும் இருக்கின்றன: டோசிலிசுமாப் நாலு வாரத்துக்கு ஒரு தடவை, ரிட்டுக்ஸிமாப் இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை, பிறகு பல மாதம் கழித்துத்தான். எது யாருக்கு என்பதை டாக்டர் தீர்மானிப்பார்.

தொடங்குவதற்கு முன் நெஞ்சுப் படமும் காசநோய்ப் பரிசோதனையும் மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனையும் செய்தார்கள். காவல் படையை அடக்குகிற மருந்தாயிற்றே. உடம்புக்குள் உறங்குகிற காசநோய் விழித்துக்கொள்ளும். நெருக்கமான லயங்களில் வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயம். வீட்டில் யாருக்காவது எப்போதாவது காசநோய் இருந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

மருந்து ஏற்றுகிற நாளில் என்ன நடக்கிறது என்று பலர் பயத்தோடு கேட்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. காலையில் வார்டில் எடை பார்ப்பார்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. தொடக்க அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராம். பிறகு காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, புண் உண்டா, பல் வீக்கம் உண்டா என்று மிஸ்ஸி கேட்பார். உண்டு என்றால் அன்று மருந்து இல்லை, திரும்பி வர வேண்டியதுதான். கூலி போனாலும் பரவாயில்லை, மறைக்கக் கூடாது. மருந்து பொடியாக வரும். தண்ணீர் விட்டுக் குலுக்கமாட்டார்கள், மெதுவாகச் சுழற்றிக் கரைத்து உப்புநீர்ப் பையில் சேர்ப்பார்கள். இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஏறும்போது அரிப்போ, நெஞ்சு இறுக்கமோ, மூச்சுத் திணறலோ, குளிர் நடுக்கமோ வந்தால் உடனே கை தூக்கிச் சொல்ல வேண்டும். நிறுத்திவிட்டு மாற்று மருந்து கொடுப்பார்கள். முடிந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஆரம்பத்தில் முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம். அதன் பின் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை. பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி டிரைவர், எதிரே ஒரு மலாய் ஆசிரியை. கிராணிமார் சங்கம் வேறு, தொழிலாளர் சங்கம் வேறு என்ற பிரிவெல்லாம் அந்த அறையில் கிடையாது.

நோய் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. கட்டிப்போட்டிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு சட்டைப் பித்தான் போட என் மனைவி வர வேண்டும்; செக்ரோல் எழுதப் பேனாவில் துணி சுற்றிக்கொள்வேன். இப்போது காலைப் பிடிப்பு பத்து நிமிஷத்தில் விட்டுவிடுகிறது. ஏழாம் வாரம் வந்தால் விரல் மறுபடியும் முணுமுணுக்கும். இடையில் காய்ச்சல் வந்தால் மற்றவர்களைப் போல இரண்டு பனடோல் போட்டுப் படுத்துவிட முடியாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

செலவு? தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு தடவைக்கே ஆயிரக்கணக்கான வெள்ளி. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதை வைத்துக்கொண்டு அந்த வாசலை மிதிக்க முடியுமா? அரசாங்க ஆஸ்பத்திரிதான் நமக்கு வழி. அங்கேயும் இந்த மருந்துக்குப் பணம் அளவாகத்தான் ஒதுக்குகிறார்கள், ஆகவே காத்திருக்க நேரிடும். கிளினிக்கில் கடிதம் வாங்கி மூட்டு நோய் நிபுணரிடம் சீக்கிரம் பெயர் பதிந்துகொள்வது புத்திசாலித்தனம். நம்மோடு பால் வெட்டுகிற இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கு அதே ஆஸ்பத்திரியில் கட்டணம் பல மடங்கு. அதையும் சங்கம் ஒருநாள் பேசியாக வேண்டும்.

இனி சட்டம். தீபகற்ப மலேசியாவில் 1955-ம் வருஷத்து வேலைச் சட்டம், 60-எஃப் பிரிவு. இரண்டு வருஷத்துக்குக் குறைவான சர்வீசுக்கு வருஷத்தில் 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவர்களுக்கு 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் அது தனிக் கணக்கு, 14, 18, 22-ல் கழிக்கக் கூடாது. டாக்டர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நிலை என்று எழுதிக்கொடுத்து, ஏதோ காரணத்தால் வார்டில் சேராவிட்டாலும் சேர்ந்ததாகவே சட்டம் கருதுகிறது. எட்டு வாரத்துக்கு ஒன்று என்றால் மருந்து ஏற்றுவது வருஷத்தில் ஆறேழு நாள். அந்த நாட்களை ஆப்சென்ட் போட எந்தக் கிராணிக்கும் அதிகாரமில்லை. கிராணியாகிய நானே சொல்கிறேன். ஆனால் வந்து போன நேரச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எம்சி கேளுங்கள். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தகவல் கொடுங்கள். கொடுக்காவிட்டால் சொல்லாமல் நின்றதாக ஆகிவிடும்.

கை முற்றாக முடங்கியவர்களுக்குப் பெர்கேசோவின் இயலாமைப் பென்ஷன் இருக்கிறது. வேலையில் ஏற்பட்ட விபத்தாக இருக்க வேண்டியதில்லை. 60 வயதுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். சந்தாக் கணக்கும் மருத்துவக் குழுவின் முடிவும் பார்ப்பார்கள். வேலைக்குத் திரும்ப உதவுகிற திட்டம் 2007 முதல் நடக்கிறது. பாரம் எழுத வேண்டுமானால் என்னிடம் வாருங்கள்.

அதுவரை உளியின் பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றிப் பருமனாக்குங்கள்; தடித்த பிடிக்கு விரல் இறுக வேண்டியதில்லை. வாளியை விரலில் தொங்கவிடாமல் முன்கையிலோ தோளிலோ தாங்குங்கள்.

கடைசியாக ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். டாக்டர் முடக்குவாதம் என்று எழுதிக்கொடுத்தவர்களுக்குப் பெரட்டு நேரத்தைத் தளர்த்தி, காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் வேலையை ஸ்டோரிலோ நர்சரியிலோ ஆயாக்கொட்டகையிலோ முழுப் பேருக்குக் கொடுக்க வேண்டும். மருந்து ஏற்றும் நாட்களை நோய் விடுப்பாகவே செக்ரோலில் பதிய வேண்டும். இதை அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் முன் வைக்கக் கமிட்டியை இக்கூட்டம் கேட்டுக்கொள்கிறது. நான் முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் எழுந்து பெயர் சொல்லலாம். கை தூக்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே சொன்னால் போதும்.