நாற்றை அறுத்தது யார்?



நேற்று மாலை வேலை முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் பத்துக் கத்தரி நாற்று நட்டீர்கள். விடிந்து பார்த்தால் மூன்று நாற்றுகள் அறுபட்டுக் கிடக்கின்றன. யார் செய்த வேலை? கோழியைத் திட்டுவதற்கு முன் காயத்தை உற்றுப் பாருங்கள். பகாவ் ஆனாலும் லிங்கி ஆனாலும், நம் நெகிரி செம்பிலான் பாத்திகளில் கடித்தவரைக் கடிவாயே காட்டிக்கொடுக்கும்.

தண்டு மண்ணோடு மண்ணாக அறுபட்டிருந்தால் அது வெட்டுப்புழு. சாம்பல் நிறம், தொட்டால் வளையமாகச் சுருண்டுகொள்ளும். இரவில் வெட்டிவிட்டு, பகலில் அந்தச் செடியின் அருகிலேயே மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். குச்சியால் இரண்டு அங்குலம் கிளறினால் அகப்படும், நசுக்கிவிடுங்கள். மறுபடி நடும்போது, காலிப் பால் டின்னின் மேல்மூடியையும் அடியையும் வெட்டியெடுத்து, நாற்றைச் சுற்றி ஓர் அங்குலம் மண்ணில் இறங்கும்படி அழுத்திவையுங்கள். புழு தண்டை நெருங்காது.

இலை அரிபட்டு, பக்கத்தில் பளபளவென்று காய்ந்த சளிக்கோடு தெரிந்தால் அது நத்தை. மலாயில் 'சிப்புட் பாபி' எனப்படும் பெரிய நத்தை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மழை பெய்த இரவில் டார்ச் விளக்கோடு போனால் நிறையப் பிடிக்கலாம். ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். எலியிடமிருந்து வரும் ஒரு நுண்புழு அதன் உடலில் இருக்கக்கூடும். அது மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளையைப் பாதிக்கும். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பிடித்து, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, பிறகு புதையுங்கள். பாத்தியில் உப்புத் தூவாதீர்கள், செடி கருகும். பறித்த கீரையை நன்றாகக் கழுவுங்கள்.

பூசணி, வெள்ளரிக் கன்றின் இலையில் வட்ட வட்டமாகக் கடி இருந்தால், அது ஆரஞ்சு நிற வண்டு. வெயில் ஏறினால் பறந்துவிடும். பனி காயாத காலையில் மந்தமாக இருக்கும்போது தட்டிச் சோப்புத் தண்ணீரில் விழச்செய்யுங்கள்.

பயற்றஞ்செடி காரணமின்றி மஞ்சளித்து, அடித்தண்டு வீங்கி வெடித்திருந்தால், ஈயின் புழு தண்டுக்குள் இருக்கிறது. மோசமான செடியைப் பிடுங்கி எரியுங்கள். மற்றவற்றுக்கு அடியில் மண் அணையுங்கள். புதுவேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும்.

இனி முக்கியமான ஒன்று. "ஸ்டோரிலிருந்து கொஞ்சம் மருந்தைப் போத்தலில் கொண்டுவந்து அடித்தால் போயிற்று" என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். தோட்டங்களில் பல்லாண்டு காலம் அடித்த பாராகுவாட் களைக்கொல்லி. அது பூச்சி மருந்தல்ல. பட்ட செடியைக் கருக்கிவிடும். தவறி ஒரு மடக்கு விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து. முறிக்க மருந்து கிடையாது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் அதற்கு முழுத் தடை. சோடா போத்தலில் இருக்கும் விஷத்தைக் குழந்தை சோடாவென்றுதான் நினைக்கும். பழைய போத்தல் ஏதும் வீட்டு மூலையில் இருந்தால், கால்வாயில் கொட்டாமல், பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டிவைத்து, விவசாய இலாகாவில் கேட்டு அப்புறப்படுத்துங்கள்.

பத்துச் செடிக்கு மருந்து எதற்கு? பிரட்டுக்குப் போகுமுன் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். இன்றிரவே டார்ச்சை எடுத்துக்கொண்டு பாத்தியை ஒருமுறை சுற்றி வாருங்கள்.