பீட் செய்தியாளரும் இணையமும்



கோர்ட் பீட், கிரைம் பீட், கோட்டை பீட் என்று நம் நாளிதழ் அலுவலகங்களில் வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். செய்தி நொடியில் பறக்கும் காலத்தில் ஒரே வாசலில் ஓர் ஆளை ஆண்டுக்கணக்கில் எதற்கு நிறுத்த வேண்டும் என்று இப்போது கேட்கிறார்கள். நொடியில் பறப்பதால்தான் நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன்.

2012 ஜூன் 28. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செல்லுமா என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள். எல்லோரும் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற விதியை வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் ஏற்க முடியாது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் முதலில் எழுதியிருந்தார். சி.என்.என்., ஃபாக்ஸ் நியூஸ் இரண்டும் அதைப் பார்த்த வேகத்தில் விதி செல்லாது என்று அறிவித்துவிட்டன. வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் அதே விதி செல்லும் என்ற முடிவு பின்னால் இருந்தது. தொலைக்காட்சியைப் பார்த்துத் தோற்றுவிட்டோம் என்றே ஒபாமாவும் நினைத்தார். அவருடைய சட்ட ஆலோசகர் வந்துதான் உண்மையைச் சொன்னார்.

சரியாகச் சொன்னவர்களுள் ஸ்காட்டஸ்பிளாக் என்ற சிறிய இணையதளமும் ஒன்று. டாம் கோல்ட்ஸ்டீன், ஏமி ஹவ் என்ற வழக்கறிஞர் தம்பதி 2002-இல் தொடங்கியது. அதன் செய்தியாளர் லைல் டெனிஸ்டன் 1958 முதல் அந்த நீதிமன்றத்தைப் பற்றியே எழுதி வந்தவர். அன்றைக்கு அவருக்கு வயது 81. மார்ச்சில் மூன்று நாள் நடந்த வாதங்களிலேயே வரி என்ற கோணம் அலசப்பட்டிருந்தது. வழக்கைத் தொடக்கம் முதல் பின்தொடர்ந்தவர்களுக்குத் தீர்ப்பில் எதைத் தேடிப் புரட்ட வேண்டும் என்பது முன்பே தெரியும்.

நாளிதழில் மனு ஒரு நாள் செய்தி, வாதம் ஒரு நாள் செய்தி, தீர்ப்பு ஒரு நாள் செய்தி. மறுநாள் எல்லாம் பழைய தாள். அந்தத் தளமோ வழக்குக்கு ஒரு பக்கம் வைத்து, மனு, எதிர்மனு, வாதக் குறிப்பு, தீர்ப்பு அனைத்தையும் அதிலேயே சேர்த்துக்கொண்டு போனது. செய்தியாளரின் குறிப்பேட்டில் முடங்கிக் கிடந்தது வாசகர் கைக்கு வந்தது. பீட் செய்திக்கு இணையம் தந்த மிகப் பெரிய கொடையாக இதையே கருதுகிறேன்.

2013-இல் ஸ்காட்டஸ்பிளாக்குக்கு மின்னணு ஊடகங்களுக்கான பீபடி விருது கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் வலைப்பதிவு அதுதான். ஆயினும் 2014-இல் செனட் செய்தியாளர் குழு அதற்கு அங்கீகாரம் மறுத்தது. நிறுவனரே அந்த நீதிமன்றத்தில் வழக்காடுகிறார் என்பது அப்போதைய முக்கியமான ஆட்சேபம். அதை எளிதில் ஒதுக்க முடியாது. இணையத்தில் பீட்டை நடத்துபவருக்கு அதில் என்ன நலன், யார் பணம் தருகிறார்கள் என்று வாசகர் கேட்கத்தான் வேண்டும்.

நம் நாட்டில் 2022 முதல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகள் நேரலையில் வருகின்றன. லைவ்லா போன்ற தளங்கள் விசாரணையை உடனுக்குடன் எழுதுகின்றன. அதே வேகத்தில் நீதிபதி வாய்மொழியாகக் கேட்ட ஒரு கேள்வி, உத்தரவு போலத் தலைப்பாகி வாட்ஸப்பில் சுற்றுகிறது. கேள்வி வேறு, உத்தரவு வேறு என்று டெஸ்கில் இருப்பவருக்கு அந்த நிமிடமே போன் செய்து சொல்ல, கோர்ட்டிலேயே பழகிய ஓர் ஆள் வேண்டும். தமிழ் இணையதளங்களின் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: அந்த ஆளை நியமியுங்கள்; ஆறு மாதத்தில் சினிமாவுக்கு மாற்றிவிடாதீர்கள்.