நிறுத்திய மோட்டார் வண்டிக்குக் காவல் யாது?

(காக்களூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றியும், கைத்தொழிலைப் பற்றியும், கலியாணச் செலவைக் குறைப்பது பற்றியும் இம்மேடையில் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். இன்று எமக்கு அளிக்கப்பட்ட பொருள், தெருவில் நிறுத்திய மோட்டார் வண்டி களவினின்றும் எவ்வளவு தூரம் காப்புடையது என்பதாம். இஃது அற்பமான பொருளெனச் சிலர் எண்ணக்கூடும். ஆயின் நம்மவர் நிலையைச் சிறிது நோக்குவோமாக. இக்காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்துவோர், சரக்கு வண்டி ஓட்டுவோர், திருவள்ளூர் நிலையத்தில் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குச் செல்வோர், வாடகைக் கார் வைத்துப் பிழைப்போர் எனப் பலர் நம்மிடையே உளர். முன்னாளில் ஒரு குடும்பத்தின் முதல் நிலத்திலும் நகையிலும் கிடந்தது. இந்நாளில் பல குடும்பங்களின் முதல் நான்கு சக்கரங்களின்மேல் நிற்கின்றது. அம்முதலும் பெரும்பாலும் கடனே. வண்டி போனாலும் மாதத் தவணை போவதில்லை. ஆதலின் இது குடும்பம் நிற்பதும் விழுவதுமான விஷயம் என்று அறிதல் வேண்டும்.

முதற்கண் பூட்டு என்பது யாதென ஆராய்வோம். பூட்டினால் களவு ஒழியும் என்பது பாமரர் கொள்கை. பூட்டு களவை ஒழிப்பதன்று. கள்வனைத் தாமதிக்கச் செய்வது. அத்தாமதத்துக்குள் பிறர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்னும் அச்சமே அவனைத் துரத்துகின்றது. ஆகவே வெளிச்சமும் ஆளரவமும் இல்லாத இடத்தில் எத்துணை உயர்ந்த பூட்டும் பயனற்றது. ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் எளிய பூட்டும் பெருங்காவலாகும். இது முதல் உண்மை.

இரண்டாவது உண்மையைப் பிற நாட்டுச் சரித்திரம் கற்பிக்கின்றது. மேற்கு ஜெர்மனியில் 1963ஆம் ஆண்டில், புதியனவும் பழையனவுமாகிய எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங்கைப் பிணிக்கும் பூட்டு இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். கார்க் களவு பெரிதும் குறைந்தது. இங்கிலாந்திலோ 1971 முதல் புதிய கார்களுக்கு மாத்திரம் அப்பூட்டை அமைத்தனர். விளைந்தது யாது? புதிய கார்களின் களவு குறைந்தது. கள்வர் பூட்டில்லாத பழைய கார்களின்பால் திரும்பினர். செல்வர் வீட்டினின்றும் விலகிய களவு ஏழை வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒருவரை மட்டும் காக்கும் காவல், களவை அடுத்த வீட்டுக்கு அனுப்பும் காவலேயாகும். இன்று யாம் சொல்ல வந்த கருத்தின் சாரம் இதுவே. இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்றுண்டு. இந்நாளைய கார்களில் இம்மொபிலைஸர் என்னும் கருவி அமைக்கப்படுகின்றது. சாவிக்குள் இருக்கும் சிறு சில்லு தனக்குரிய குறியைச் சொன்னாலன்றி இஞ்சின் இயங்காதபடி அது தடுக்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் விற்ற கியா, ஹூண்டாய் கார்களில், சாவியிட்டுத் திருப்பும் மாதிரிகள் பலவற்றில் அக்கருவி இல்லை. அச்செய்தி இணையத்தில் காணொளியாகப் பரவவே, 2021, 2022ஆம் ஆண்டுகளில் மில்வாக்கி முதலிய நகரங்களில் சிறுவர்கள்கூட அவற்றைக் களவாடத் தொடங்கினர். பக்கத்து நாடாகிய கனடாவில் 2007 முதல் புதிய கார்களுக்கு அக்கருவி சட்டப்படி கட்டாயமாதலின், அங்கே அத்தொல்லை பரவவில்லை.

நிற்க. புதிய காருடையோர் தம்மைப் பூரண க்ஷேமமுடையோர் என்று கருதலாகாது. சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அருகே சென்றாலே கதவு திறக்கும் கார்கள் இப்போது மிகுதி. 2011ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிச் நகர ஆராய்ச்சியாளர் எட்டு உற்பத்தியாளரின் பத்து மாதிரிக் கார்களைச் சோதித்து, பத்தையும் ஒரே வகையால் ஏமாற்றக்கூடும் என்று வெளியிட்டனர். வீட்டினுள் இருக்கும் சாவியின் ரேடியோ அலையை வாயிலருகே ஒரு கருவி ஏற்று, காரருகே உள்ள மற்றொரு கருவிக்கு அனுப்புகின்றது. காரோ சாவி அருகில் இருப்பதாக நம்பிக் கதவைத் திறந்துவிடுகின்றது. பின்னர் வந்த மாதிரிகள் சிலவற்றில் இதற்கு மாற்று செய்துள்ளனர், எல்லாவற்றிலும் அன்று. அத்தகைய சாவியை வாயிற்கதவின் ஆணியில் தொங்கவிடாது, அலையைத் தடுக்கும் உலோக உறையிலிட்டு உள்ளறையில் வைத்தல் நலம். சென்னை அண்ணாநகரில் 2025ஆம் ஆண்டில் வீட்டு வாசலில் நின்ற விலையுயர்ந்த கார் ஒன்று களவு போனதும், அதன் தொடர்பாகப் புதுச்சேரியில் பிடிபட்டவர் எம்.பி.ஏ. படித்தவர் என்பதும் பத்திரிகைகளில் வந்தன. வித்தை வளர வளரக் களவும் வித்தை கற்கின்றது.

ஆயினும் பழைய முறைகளை இகழற்க. அம்பாசிடர் கார் ஓடிய காலத்தில், இரவில் வண்டியை நிறுத்தும் ஓட்டுநர் டிஸ்டிரிபியூட்டரிலிருந்து ரோட்டரைக் கழற்றித் தம்முடன் எடுத்துச் செல்வார். காற்பணச் செலவில்லாத காவல் அது. இன்று அதனிடத்தில் கியர் லாக்கும், ஸ்டியரிங்கிற் பூட்டும் இரும்புத் தடியும் உள்ளன. மின்சார வித்தையில் வல்ல கள்வனும் இரும்பை அறுக்க நேரம் செலவிட்டே ஆகவேண்டும்.

இனி, காரை விட்டுக் காரிலுள்ள பொருளைக் கவர்வது பற்றிச் சொல்வோம். காரின் முன்கண்ணாடி இரண்டு தகடுகளின் நடுவே மெல்லிய ஏடு வைத்து ஒட்டப்பட்டது, உடைந்தாலும் உதிராது. பக்கக் கண்ணாடியோ பெரும்பாலான கார்களில் பதமேற்றிய ஒற்றைத் தகடு. ஓரிடத்தில் உடைந்தால் முழுவதும் மணிமணியாய் உதிர்ந்துவிடும். இது விபத்தில் மனிதரைக் காக்கும் பொருட்டு அமைந்தது. கள்வனுக்கும் அதுவே வழியாயிற்று. கறுப்பு ஏடு ஒட்டி மறைப்போம் எனின், 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனை விலக்கியது. முன்பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளி புகவிடல் வேண்டும் என்பது விதி. ஆகவே இருக்கையில் வைத்த பை ஊரார் யாவருக்கும் தெரியும். பையில் ஒன்றுமில்லை என்பது உமக்குத் தெரியும், கள்வனுக்குத் தெரியாது. ஆதலால் வெறும் பையையும் வைத்தல் தகாது.

பாங்கியிற் பணமெடுத்து வருவோர் தனியே எச்சரிக்கை கொள்ளவேண்டும். சம்பள நாளில் தொழிலாளர்க்குக் கொடுக்கப் பணத்தோடு வரும் பட்டறைக்காரரைக் கண்டு, பத்து ரூபாய் நோட்டுகளைத் தரையிற் சிதறி, "ஐயா, உங்கள் பணம் விழுந்துவிட்டது" என்று சொல்வார்கள். அவர் குனிந்து பொறுக்கும் இமைப்பொழுதில் பை மறைந்துவிடும். இம்மோசடி தமிழ்நாட்டில் பல ஊர்களிற் பலமுறை நடந்தும், இன்னும் ஏமாறுவோர் உளர். பணப்பையோடு வரும்போது வழியில் காப்பி கிளப்பின் முன் வண்டியை நிறுத்துவது விவேகமன்று.

வண்டியை விடுத்து அதன் உறுப்புகளைக் கழற்றிச் செல்வதும் உண்டு. 2021ஆம் ஆண்டில் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் மாருதி ஈக்கோ வண்டிகளின் சைலன்ஸர்கள் பலவிடங்களிற் களவு போயின. அதனுட் புகையைச் சுத்தம் செய்யும் பகுதியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலைமிக்க உலோகங்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவும் சிறு சரக்குக் கொண்டு செல்லவும் நம்மவர் பலர் வைத்திருப்பது அவ்வண்டியேயன்றோ? களவுப் பொருளை வாங்குவார் இருக்கும் வரையில் களவும் இருக்கும். மீரட் நகரின் சோத்திகஞ்ச் என்னும் கடைத்தெரு களவு வண்டிகளைப் பிரித்து விற்பதற்குப் பேர்போனதாய் இருந்து, 2021 டிசம்பரில் போலீஸாரால் மூடப்பட்டது. எனவே மலிவாகக் கிடைக்கின்றதென்று பில் இல்லாத உறுப்பை வாங்குவோர், தம் வண்டிக்கே கள்வனை அழைப்போராவர். பழைய கார் வாங்குவோர், அது களவுப் பதிவில் உள்ளதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் கூடத்தின் 'வாகன் சமன்வய்' என்னும் சேவையிற் பார்த்தபின் பணம் கொடுத்தல் வேண்டும்.

இனிக் காகிதக் காவல். இதுவே நம்மவரால் பெரிதும் அசட்டை செய்யப்படுவது. மூன்றாம் தரப்பு இன்ஷ்யூரன்ஸ் மட்டும் எடுத்தவருக்குக் கார் களவு போனால் காலணாவும் கிடையாது. பூரண இன்ஷ்யூரன்ஸ் எடுத்தவருக்கும் அவ்வருஷத்துக்குக் குறித்த மதிப்பே கிடைக்கும். கடன் நிலுவையிருப்பின் அது முதலில் கடன் கொடுத்தவருக்கே செல்லும். சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கியவரைக் கம்பெனியார் 'தக்க ஜாக்கிரதை எடுக்கவில்லை' என்று மறுப்பதுண்டு. இரண்டு சாவிகளையும் கேட்பர். ஒன்று தொலைந்திருந்தால் அதற்கும் விடை சொல்லவேண்டும்.

களவு தெரிந்தவுடன் செய்யவேண்டுவது போலீஸில் முறையிடல். நம் ஜில்லாவிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகவோ, கும்மிடிப்பூண்டி ஆரம்பாக்கம் வழியாகவோ ஆந்திர எல்லை மிகச் சமீபம். நாம் உறவினரைக் கேட்டு யோசித்திருக்கும் நேரத்தில் வண்டி எல்லை கடந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் முறையீடு பதியலாம். மின்வழியாக அனுப்பி மூன்று நாளுக்குள் கையொப்பமிடவும் கூடும். ஆட்களையோ சரக்கையோ ஏற்றும் வாகனத்தைக் களவாடினால் ஏழாண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு கூறுகின்றது. பழைய சட்டத்திற் சாதாரணக் களவுக்கு மூன்றாண்டே இருந்தது. உடனே போலீஸில் முறையிட்டதன் பலன் பெரிது. டிராக்டரைக் களவு கொடுத்த ஒருவர் அன்றே போலீஸில் பதிந்து, கம்பெனிக்கு 52 நாள் கழித்து அறிவித்தார். அத்தாமதம் ஒன்றையே காட்டி அவர் உரிமையை மறுத்தல் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

பிறரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. 1998ஆம் ஆண்டில் புதுதில்லியில் தாஜ்மகால் ஹோட்டலின் ஊழியரிடம் ஒருவர் தம் மாருதி ஜென் காரின் சாவியைக் கொடுத்துச் சென்றார். திரும்பி வந்து பார்க்கையில், வேறொருவன் அதனை ஓட்டிப் போய்விட்டிருந்தான். 'உடையவர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சிட்டிருந்தோம் என வாதித்த ஹோட்டலாரை நோக்கி, சாவியும் வண்டியும் பெற்றுக்கொண்டபின் கவனக்குறைவுக்கு நீவிரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் தீர்த்தது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளை ஒப்புக்கொண்டவன் தன் பொருளைப்போற் காத்தல் வேண்டும். கலியாண மண்டபம் நடத்துவோர் இதனை மனத்திற் பதிக்கவேண்டும்.

இன்னுமொன்று. களவு நேர்ந்தவுடன் காவற்காரரையோ, பக்கத்துக் குடிசைவாசியையோ, வெளி மாகாணத்திலிருந்து பேட்டைக்கு வந்த கூலியாளையோ சுட்டிப் பேசும் வழக்கம் நம்மிடை உண்டு. ஒரு குலத்தையே குற்றவாளிக் குலமாக்கிய சட்டம் 1871ஆம் ஆண்டிற் பிறந்து 1952ஆம் ஆண்டில் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தும் அதன் சொல் நம் நாவில் இருத்தல் நம் சங்கத்துக்கு அழகன்று. தன் குலப் பெயரைக் காக்க விரும்புவோர் பிறர் குலப் பெயரையும் காத்தல் வேண்டும். சந்தேகத்தைப் போலீஸாரிடம் சொல்லுக, தெருவிற் சொல்லற்க.

முடிவாக, சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, இங்கிலாந்தின் அனுபவத்தை நினைந்து, பழைய வண்டி வைத்திருக்கும் ஏழை அங்கத்தினர்க்கெல்லாம் கியர் லாக்கையோ ஸ்டியரிங் பூட்டையோ மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்கோ தவணைக்கோ உதவுதல். இரண்டாவது, அங்கத்தினர்தம் பதிவுச் சீட்டு, சேஸிஸ் எண், இன்ஷ்யூரன்ஸ் முடியும் தேதி ஆகியவற்றைச் சங்கப் புத்தகத்திற் குறித்து, தேதி நெருங்கும்போது நினைவூட்டல். மூன்றாவது, வீரராகவப் பெருமாள் சந்நிதிக்கு வெளியூர் ஜனங்கள் திரளும் அமாவாசை நாட்களில், விளக்கும் காவலாளும் உள்ள ஒரு நிறுத்துமிடத்தை ஏற்படுத்தி, அங்கத்தினர் அல்லாதார்க்கும் அதனைத் திறந்துவைத்தல். காவல் எல்லார்க்கும் ஆனாலன்றி எவர்க்கும் ஆகாதென்பதை முன்னரே கண்டோம்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை, ஒற்றுமையே வேண்டும். இவற்றை இக்கூட்டத்திலேயே தீர்மானமாக ஏற்று, அடுத்த மாதத்துக்குள் புத்தகத்தையேனும் தொடங்குமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.