பழைய ஃபிலிம் கேமரா வாங்குவோருக்கு



ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்து மக்களுக்குத் தோலின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னதான் பதப்படுத்தினாலும் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பீரோவுக்குள் கிடந்த தோல் பையில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பழைய ஃபிலிம் கேமராக்களுக்கு வந்த கேடும் பெரும்பாலும் இதுதான். பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் உறைக்குள் போட்டு இருபது, முப்பது வருடம் பூட்டி வைத்தார்கள். உறையின் ஈரம் லென்ஸுக்கு ஏறியது. ஆகவே பழைய கேமரா ஒன்று மலிவாக விலைக்கு வந்தால், முதலில் அதன் உறையை முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை அடித்தால் லென்ஸைக் கூடுதல் கவனத்தோடு சோதிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பரண்களில் இன்னும் கிடைக்கும் கேமராக்களில் சில இந்தியாவிலேயே உருவானவை. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த ஆக்ஃபா கிளிக் த்ரீ அவற்றில் ஒன்று. 120 ஃபிலிமில் 12 சதுரப் படங்கள் எடுக்கும் எளிய கருவி அது. அரசு நிறுவனமான கொல்கத்தா நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், நேஷனல் 35 கேமராவைச் செய்தது. ஃபிலிமும் நம் மண்ணில் தயாரானதுதான். 1960-ல் ஊட்டியில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967-ல் உற்பத்தியில் இறங்கி 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் விற்றது. அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. இன்று வாங்கும் ரோல் வெளிநாட்டிலிருந்து வருவது. ஒரு ரோலின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் செலவு மூன்றும் சேர்ந்தால் மலிவுக் கேமராவின் விலையைத் தாண்டிவிடும். எனவே ரோல் போடுவதற்கு முன்பே முடிந்தவரை சோதித்துவிடுவது லாபம்.

பின்மூடியைத் திறந்து, லென்ஸை வெளிச்சத்துக்குக் காட்டி, ஷட்டரை ஒரு விநாடிக்கு வைத்து அழுத்த வேண்டும். உள்ளே பற்சக்கரங்கள் ஓடும் ஓசை சீராகக் கேட்டால் நல்லது. திணறித் திணறி ஓடினாலோ, ஷட்டர் திறந்தபடியே நின்றுவிட்டாலோ, உள்ளே இட்ட எண்ணெய் பிசினாக இறுகிவிட்டது என்று பொருள். கைப்பேசியில் அந்த ஓசையைப் பதிவு செய்து, திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் ஒரு விநாடி உண்மையிலேயே ஒரு விநாடிதானா என்பது தெரிந்துவிடும். 500-ல் ஒரு பங்கு, 1000-ல் ஒரு பங்கு போன்ற வேகங்களுக்கு இந்த வித்தை போதாது. அவற்றை ஃபிலிமில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒரு சிறு டார்ச்சை லென்ஸின் பின்புறமிருந்து அடித்து முன்புறமிருந்து பார்க்க வேண்டும். பூஞ்சணம் இருந்தால் மெல்லிய நூல்கள் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும். ஓரத்தில் சிறிதாக இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் படமே மங்கும். பின்மூடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் கருப்பு நுரைப்பட்டையை விரலால் தொட்டால் தார் போல ஒட்டுகிறதா? அதை மாற்றியாக வேண்டும். செலவு அதிகமில்லை.

பேட்டரி அறையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தால் கம்பிகள் அரித்திருக்கும். 1960-களிலும் 70-களிலும் வந்த பல கேமராக்களின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச செல்லுக்காக அமைந்தது. அந்தச் செல் இப்போது சந்தையில் இல்லை. 1.5 வோல்ட் செல்லைப் போட்டால் ஒளிமானி தவறான அளவு காட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் செல் ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும். சுற்றிலும் ஒரு சிறு வளையம் வைத்தால் பல கேமராக்களில் பொருந்திவிடும். கிளிக் த்ரீ வாங்கியவருக்கு இந்தக் கவலையே இல்லை. அதில் பேட்டரியும் கிடையாது, ஒளிமானியும் கிடையாது.

இதெல்லாம் தேறினால் ஒரு ரோல் போடலாம்.

காலாவதியான ரோல் வேண்டாம். கோளாறு கேமராவினுடையதா ஃபிலிமினுடையதா என்று பிரித்தறிய முடியாமல் போகும். வேலூர்க் கோட்டை இந்தச் சோதனைக்கு நல்ல இடம். அகழிக்கு அப்பாலிருந்து பார்த்தால் கருங்கல் மதிலின் ஒவ்வொரு இடுக்கும் தெரியும். லென்ஸின் கூர்மையை அது சொல்லிவிடும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு எஃப் 16, ஷட்டர் 125-ல் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. அதே மதிலை 250-ல் எஃப் 11, 500-ல் எஃப் 8, 1000-ல் எஃப் 5.6 என்று வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஷட்டர் சரியாக ஓடினால் நெகட்டிவில் எல்லாப் படங்களும் ஒரே அடர்த்தியில் இருக்கும். ஸ்கேன் மட்டும் வாங்கினால் இது தெரியாது. ஸ்கேனர் வெளிச்சத்தைத் தானே திருத்திவிடும். நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள்.

வெளிச்சம் கசிந்த கறையையும் நெகட்டிவில்தான் படிக்க வேண்டும். கறை ஓரத்துத் துளைகள் வரை நீண்டிருந்தால் பின்மூடியைச் சந்தேகிக்கலாம். படத்தின் சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் ஷட்டர் திரையிலோ, மடிப்புக் கேமராவின் துருத்தியிலோ ஓட்டை. அந்தத் துருத்திகள் பலவும் மெல்லிய தோலால் ஆனவை. மடிப்பின் மூலைகளில்தான் முதலில் விடும். இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். ஆட்டுத்தோலைத் தாள் கனத்துக்குச் சீவத் தெரிந்த கைகள் நிறைந்த நம் வட்டாரத்தில், அதற்கு ஒட்டுப்போட வெளியூரில் ஆள் தேட வேண்டாம்.

ஒரு கேமரா தேறியதும் இரண்டாவதில் ஆசை வரும். மும்பையின் திலீஷ் பாரேக் 2003-ல் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றபோது அவரிடம் 4,425 கேமராக்கள் இருந்தன. டெல்லிப் புகைப்படக்காரர் ஆதித்ய ஆர்யா சேர்த்தவை, குருகிராமில் 2019-ல் திறந்த மியூசியோ கேமரா அருங்காட்சியகமாக ஊருக்குப் பொதுவாகிவிட்டன. மறுபக்கம், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன், தம் வாழ்நாள் வேலையில் பெரும்பகுதியை ஒரு சிறிய லைக்காவையும் 50 மில்லிமீட்டர் லென்ஸையும் கொண்டே முடித்தவர்.

படமெடுப்பவருக்கு இரண்டு கேமரா வைத்திருக்க நியாயம் உண்டு. ஒன்றில் கலர், மற்றொன்றில் கருப்பு வெள்ளை போடலாம். தாலி கட்டும் நேரத்தில் கேமரா மக்கர் செய்தால் என்ன செய்வது என்று கல்யாண போட்டோகிராபர்கள் உபரியாக ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனார்கள். அதற்கு மேல் சேர்ப்பவர் பராமரிப்புக்கும் தயாராக இருக்க வேண்டும். ஷட்டரை மாதம் ஒருமுறையாவது எல்லா வேகத்திலும் ஓட்ட வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும். ஆறு கேமராவில் ஆறு ரோல் பாதி பாதியாக நின்றால், நம் ஊர்க் கோடை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஓட்ட நேரமில்லாத கேமராவை, ஓட்டக்கூடிய ஒரு மாணவரிடம் கொடுத்துவிடுவதே சரி.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் கேமரா அகப்பட்டால் பின்மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். 35 மில்லிமீட்டர் கேமராவாக இருந்தால் ரீவைண்ட் குமிழை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இழுவை தெரிந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது; அடியில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு முழுவதும் சுற்றி உள்ளே இழுத்துவிடுங்கள். கிளிக் போன்ற கேமராவாக இருந்தால், பின்புறச் சிவப்புக் கண்ணாடியில் எண்ணோ காகிதமோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கடைசிவரை முன்னோக்கிச் சுற்றுங்கள். பிறகு திறந்து, ரோலை எடுத்து, ஃபிலிம் கழுவும் லேபில் கொடுங்கள். பல வருடம் கழித்தும் அதில் படம் வருவதுண்டு.